ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்?

ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் நாள். 1988ஆம் ஆண்டிலிருந்து இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் பதாகை ஏந்திப் பேரணி செல்வார்கள். அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள். சட்டையில் சிவப்பு நாடா குத்திக்கொள்வார்கள். மறுநாள் அந்தப் பேச்சு அடங்கிவிடும். திருவருகைக்காலம் தொடங்கும் நாள்களும் அவையே என்பதால், நம் பங்குகளில் குடில் வேலையும் பாடற்குழுப் பயிற்சியும் முன்னே வந்து நின்றுவிடும்.

"எய்ட்ஸா? அதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. 2001ஆம் ஆண்டில் தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிப் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. இன்று அந்த அளவு 0.2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. இது பெரிய சாதனை. அரசும் மருத்துவர்களும் தொண்டு நிறுவனங்களும் தொற்றோடு வாழும் மக்களும் சேர்ந்து உழைத்துப் பெற்ற பலன்.

ஆனால் தமிழகத்தில் இன்றும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மையத்தை விட்டுவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்து மையத்துக்குப் போய் மருந்து வாங்குகிறார்கள். மருந்து நம் ஊருக்கு வந்துவிட்டது. மனிதர் மட்டும் ஏன் இன்னும் தொலைவுக்குப் போகிறார்? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நாம் இந்தக் கேள்வியைச் சற்று நின்று சிந்திப்பது நல்லது.

நம் ஊர் வழியே சென்ற இரயில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்து, இரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். சென்னையிலிருந்து காட்பாடிக்குச் செல்லும் அந்த இருப்புப்பாதை நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. அந்த மாதிரிகளில் ஆறில் தொற்று இருப்பது தெரியவந்தது. பிறகு அமெரிக்காவில் நடந்த சோதனையும் அதை உறுதி செய்தது.

செய்தி வந்ததும் நாட்டில் முதலில் எழுந்தது அச்சம். அச்சத்திலிருந்து வந்தது அடைப்பு. தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்பும் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே விடுவிக்கப்பட்டார்கள். கோவாவில் 1989ஆம் ஆண்டு, தாமாக முன்வந்து இரத்த தானம் செய்துவந்த தோமினிக் டிசூசா என்ற இளைஞர், தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காவலர்களால் அழைத்துச் செல்லப்பட்டு 64 நாள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன? பிறருக்குத் தம் இரத்தத்தைக் கொடுத்ததுதான்.

நோயைத் தடுப்பதற்காக நோயாளியை விலக்கினால், அடுத்த நோயாளி ஒளிந்துகொள்வார். ஒளிந்துகொண்டவரைப் பரிசோதிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. இந்த எளிய உண்மையை நம் நாடு கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

புள்ளி ராஜா கற்றுத்தந்ததும் கற்றுத்தராததும்

1992இல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. 1994இல் தமிழக அரசு ஒரு புதிய முயற்சி எடுத்தது. அரசுத் துறைகளின் கோப்பு நடைமுறையில் வேலை தாமதமாகாமல் இருக்க, தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்ற தனி அமைப்பை உருவாக்கியது. நாட்டில் இத்தகைய முதல் சங்கம் இதுவே. பின்னர் மற்ற மாநிலங்களும் இதே முறையைப் பின்பற்றின. 1995 முதல் அடையாறு தன்னார்வ நலப்பணி மருத்துவமனையின் கீழ், அமெரிக்க அரசு உதவியுடன் இயங்கிய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், தொண்டு நிறுவனங்கள் மூலம் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் தேடிச் சென்று பேசியது. பூவிருந்தவல்லி வழியாகப் பெங்களூரு செல்லும் சாலையைத் தெரிந்த நமக்கு, அந்த வேலை எத்தனை கடினமானது என்பது புரியும். வீட்டை விட்டு வாரக்கணக்கில் சாலையில் வாழும் மனிதரிடம், அவர் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே போய்ப் பேச வேண்டியிருந்தது.

தொடக்க கால விளம்பரங்களில் மண்டை ஓடும் எலும்பும் இருந்தன. "உயிர்க்கொல்லி நோய்" என்ற சொல் சுவரெங்கும் இருந்தது. அச்சுறுத்தினால் மக்கள் ஒழுங்காக நடப்பார்கள் என்று அப்போது கருதினார்கள். 2000களின் தொடக்கத்தில் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி சென்னைச் சாலைகளின் பெரிய பலகைகளில் வந்தது. மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் நடந்த விளம்பரத்தின் தமிழ் வடிவம் அது. யார் இந்தப் புள்ளி ராஜா என்று பேருந்திலும் தேநீர்க் கடையிலும் பேசினார்கள். வாயால் சொல்லக் கூசிய ஒரு செய்தி முதன்முறையாகப் பொது இடத்துக்கு வந்தது. அது நல்லதே.

பலனும் கிடைத்தது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 2000ஆம் ஆண்டில் 1.7 விழுக்காட்டிலிருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை லான்செட் மருத்துவ இதழில் 2006இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. விழிப்புணர்வுக்குச் செலவிட்ட பணம் வீணாகவில்லை.

ஆனால் அந்தப் பலகை ஒரு பாடத்தைக் கற்றுத்தந்து, இன்னொன்றைக் கற்றுத்தராமல் விட்டது. நோய் எப்படி வரும் என்பதைச் சொன்னது. வந்தவரோடு எப்படி வாழ்வது என்பதைச் சொல்லவில்லை. "புள்ளி ராஜா" கேலிப் பெயராக மாறியது. எய்ட்ஸ் என்றாலே ஒழுக்கம் தவறியவர் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. கணவரைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்கள், தாயின் வயிற்றிலேயே தொற்றுப் பெற்ற குழந்தைகள், இரத்தம் ஏற்றியதால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகிய எல்லாரும் அந்த ஒரே முத்திரையைச் சுமந்தார்கள். கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற கௌசல்யாவும் அவரைப் போன்ற பெண்களும் 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கி, தங்கள் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். அவர்களுடைய துணிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

சானடோரியத்துக்குப் போன பாதை

அந்த ஆண்டுகளில் தொற்று முற்றி உடல் மெலிந்தவர்களுக்கு இருந்த பெரிய அடைக்கலம் தாம்பரம் சானடோரியம். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. பின்னர் அரசு நெஞ்சக மருத்துவமனையானது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பல மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலம் அது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட நோயாளிகள் வந்தார்கள். ஆங்கில மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளைக் கொடுத்து ஆறுதல் அளித்தார்கள். அவை கூட்டு மருந்துக்கு மாற்றாக முடியாது என்பதை இன்று அறிவோம். ஆயினும் தொட்டுப் பார்க்கவும் மருந்து கொடுக்கவும் ஓர் அரசு மருத்துவமனை இருந்தது என்பதே அன்று பெரிய செய்தி.

நம் பகுதியிலிருந்து அங்கே போவது எளிதல்ல. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார இரயில் ஏறி சென்ட்ரல் வரவேண்டும். சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்கு நடக்கவேண்டும். அங்கிருந்து இன்னொரு இரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உள்ள உடம்போடு போகவும் வரவும் ஒரு முழு நாள். அன்றைய கூலி போய்விடும். அக்கம்பக்கத்தார் கேட்டால் "டி.பி.க்கு மருந்து வாங்கப் போனேன்" என்பது வழக்கமான பதில். காசநோய் என்று சொல்வதே அன்று கௌரவமான பதிலாக இருந்தது.

மருந்து அருகில் வந்தது

2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்தது. உலகமே அந்த விலையைக் கண்டு வியந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு, தொற்று அதிகம் இருந்த ஆறு மாநிலங்களின் எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரமும் அவற்றில் ஒன்று. பிறகு சென்னை அரசு பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன. வட்ட அளவில் மருந்து பெறுவதற்கு இணைப்பு மையங்களும் வந்தன. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் இடத்துக்கு நம் மாநிலத்தில் வைத்த பெயர் "நம்பிக்கை மையம்". அழகான பெயர். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதனை நடக்கிறது.

2017 முதல், தொற்று தெரிந்தவுடன் காத்திருக்காமல் அனைவருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது நாட்டின் கொள்கை. தாய் முறையாக மருந்து எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடியும். தினமும் மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவதில்லை என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பெற்றோரை இழந்த, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009இல் தனி அறக்கட்டளையும் நிறுவியது. அரசைக் குறை சொல்ல ஆயிரம் இடம் உண்டு. இந்தக் காரியத்தில் பாராட்டவும் இடம் உண்டு.

உதவி பெற விலை என்ன?

அப்படியானால் குறை எங்கே? அரசு தரும் ஒவ்வொரு உதவியும் அதைப் பெறுகிறவரிடம் ஒன்றைக் கேட்கிறது: "நீ யார் என்று காட்டு." சிகிச்சைக்குப் போகிறவருக்கு இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதைப் பெறச் சான்றிதழை எடுத்து நீட்டவேண்டும். உதவித்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பம் கொடுத்து, விசாரணைக்கு ஆள் வீடு தேடி வரவேண்டும். மாதாமாதம் மருந்து உண்டு. அதற்கு ஒரு குறிப்பிட்ட கதவின் முன் வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையில் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டால்? வாடகை வீடு போகுமோ, தொழிற்பேட்டையில் வேலை போகுமோ, மகளின் திருமணம் நிற்குமோ என்ற பயம். எனவேதான் ஆவடிக்காரர் தாம்பரத்துக்கும், தாம்பரத்துக்காரர் இன்னொரு ஊருக்கும் போகிறார்கள். தூரம் செலவு பிடிக்கும். செலவு பிடித்தால் ஒருநாள் மருந்து நிற்கும். மருந்து நின்றால் கிருமி மீண்டும் பெருகும். வெட்கம் ஓர் உயிரைக் கொல்வது இப்படித்தான்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை மறக்க முடியாது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைத் தானம் செய்த இளைஞர், வெளிநாடு செல்வதற்கான பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தாமே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016இலேயே அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரியவந்தும், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் கூறின. மனம் உடைந்த அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஆறுதலான செய்தி.

இங்கே சோதனைக் கருவி இருந்தது. பதிவேடு இருந்தது. ஆலோசனைக்கென்று ஏற்பாடும் இருந்தது. ஒரு மனிதரை அழைத்து உட்காரவைத்து, "தம்பி, உனக்கு இப்படி இருக்கிறது, பயப்படாதே, மருந்து இருக்கிறது" என்று சொல்லும் அந்த ஒரு பேச்சு நடக்கவில்லை. அந்தப் பேச்சு இல்லாததால் ஓர் உயிர் போனது, ஒரு குடும்பம் வாழ்நாள் முழுதும் சுமை சுமக்கிறது.

2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம், வேலையிலும் வாடகை வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவருடைய சம்மதமின்றிச் சோதிக்கவோ, அவருடைய நிலையை வெளியிடவோ கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர் எவரும் "எய்ட்ஸ் என்பதால்" என்று சொல்வதில்லை. "மகன் வருகிறான், வீடு வேண்டும்" என்பார். எந்தச் சட்டம் அதைப் பிடிக்கும்?

மாறிவிட்ட நம் பகுதி

புள்ளி ராஜா பலகையைப் பார்த்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டார்கள். அதற்குப் பின் பிறந்தவர்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 22 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும்தான் எச்.ஐ.வி. பற்றிய முழுமையான அறிவு இருக்கிறது. நோய் குறைந்ததும் பாடமும் குறைந்துவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் போன்ற மாநிலங்களின் இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். தமிழில் எழுதிய சுவரொட்டி அவர்களுக்கு வெறும் கோடுகள். நம்பிக்கை மையம் எங்கே என்று அவர்களுக்குச் சொல்பவர் யார்? இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் ஆலோசனை கிடைக்க மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் கூடுதல் ஏற்பாடு செய்யவேண்டும். அதைக் கேட்டுப் பெறும் கடமை இங்கே வாழும் நமக்கும் உண்டு.

பங்கு என்ன செய்யலாம்?

அரசின் தடுப்புப் பிரச்சாரத்தில் ஆணுறை மையமாக இருந்ததைக் குறித்துத் திருச்சபைக்கு மாறுபட்ட கருத்து இருந்தது, அதை வெளிப்படையாகவே சொன்னது. அதே திருச்சபை, நோயாளரை அரவணைக்கும் மையங்களை நாடெங்கும் நடத்தியது. இந்திய கத்தோலிக்கத் திருச்சபை 2005இல் எச்.ஐ.வி./எய்ட்ஸ் குறித்துத் தனிக் கொள்கையே வெளியிட்டு, பாகுபாடின்றிப் பராமரிப்பதைத் தன் கடமையாக ஏற்றது. பரிசோதனை, சிகிச்சை, ஆலோசனை, இரக்கம் ஆகியவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. நாம் செய்யவேண்டியவை அங்கே நிறைய இருக்கின்றன.

திருமணத் தயாரிப்பு வகுப்பில் இதுபற்றி ஒரு மணி நேரம், ஒரு மருத்துவரையோ நம்பிக்கை மைய ஆலோசகரையோ அழைத்துப் பேசவைக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், உண்மையைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடலாம். இளையோர் இயக்கம் இரத்த தான முகாம் நடத்தும்போது, சோதனை முடிவு கொடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று இரத்த வங்கியிடம் கேட்கலாம். பங்கு அறிவிப்புப் பலகையில் 1097 என்ற இலவச உதவி எண்ணை எழுதி வைக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவி கேட்டு வருகிறவரிடம் நோயின் பெயரைக் கேட்காமலே பயணச் செலவுக்கும் சத்துணவுக்கும் கொடுக்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிக் காதில் வந்த செய்தியை அடுத்த காதுக்குக் கடத்தாமல் நிறுத்தலாம். இதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது இதுவே.

தொழுநோயாளரை இயேசு குணமாக்கிய நிகழ்வை நற்செய்தியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் முதலில் கையை நீட்டித் தொட்டார். நலம் அதன் பிறகு வந்தது. ஒரு சொல்லால் தூரத்திலிருந்தே குணமாக்க அவரால் முடியும். ஆனாலும் தொட்டார். ஊருக்கு வெளியே நின்றவரை ஊருக்குள் அழைத்துவர அந்தத் தொடுதல் தேவைப்பட்டது.

பரிசோதனை அறையையும் மருந்தையும் அரசால் நம் தெருமுனை வரை கொண்டுவர முடியும். ஏற்கெனவே பெருமளவு கொண்டுவந்தும் விட்டது. அந்தக் கடைசி நூறு அடியை நடக்கும் மனிதருக்குத் தலை குனியாமல் நடக்கத் துணிவு தருவது அயலாராகிய நம் கையில் இருக்கிறது. ஆவடியில் வாழும் ஒரு சகோதரி, காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆவடியிலேயே மருந்து வாங்கிக்கொண்டு, யாரைப் பார்த்தும் பயப்படாமல் வீடு திரும்பும் நாளில்தான், இத்தனை ஆண்டுகள் சுவரில் எழுதிய பாடம் நம் மக்களின் மனத்திலும் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.